பந்துப்பெட்டிக்கு எது மேடு?

மலைமேல் பந்தாடுகிறவர்கள் காசு சுண்டிப் போட்டால் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: மேட்டுப் பக்கம் யாருக்கு? கீழே சேலத்தில் வெயில் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார்களாம். கரடியூர்க்காரனும் செம்மநத்தத்துக்காரனும் அதையெல்லாம் சட்டை செய்வதில்லை. மேட்டிலிருந்து உதைத்தால் பந்து தானாகவே உருண்டு போய் கோலுக்குள் உட்கார்ந்துகொள்ளும். பள்ளத்திலிருந்து உதைத்தால் போன வேகத்தில் திரும்பி வந்து உதைத்தவன் காலையே இடிக்கும். இரண்டு ஊருக்கும் பொதுவான பிரிவு ரோட்டு மைதானத்தின் லட்சணம் அப்படி. மைதானம் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான்.

அந்த மைதானத்தில், தொண்ணூற்று நாலாம் வருஷத்து ஆடி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு ஊரும் ஒரு பஸ்ஸுக்காக மோதிக்கொண்டன.

விஷயம் இதுதான். ராத்திரி மேலேயே நின்று, விடியற்காலை ஐந்தே முக்காலுக்குச் சேலம் கிளம்புகிற மாதிரி ஒரு பஸ் விடுவதாக டிப்போவில் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். ஆனால் நைட் ஹால்ட் ஒரு ஊரில்தான். நடுக்காட்டில், பிரிவு ரோட்டில் பஸ்ஸைப் போட முடியாதாம். கரடியூரா, செம்மநத்தமா, நீங்களே பேசி முடித்துத் திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் பஸ் வேறு பக்கம் போய்விடும் என்று அதிகாரி கையைக் கழுவிக்கொண்டார். பேசி முடிப்பதா! மூன்று வாரம் பேசினார்கள். வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் பந்தாடியே தீர்த்துக்கொள்வது என்று முடிவாகி, ஆட்டமும் நடந்து, ஆளுக்கு ஒரு கோல் ஆகி, இன்னும் இருபது நிமிஷம் இருக்கும்போது மஞ்சு இறங்கிவிட்டது.

மஞ்சு என்றால் உங்கள் ஊர்ப் பனி இல்லை. நீட்டிய கை தெரியாது. செம்மநத்தத்து கோல்கீப்பர், பந்து என்று நினைத்து, யாரோ கழற்றி வைத்திருந்த வெள்ளைக் குல்லாயைப் பாய்ந்து பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உருண்டார். ரெஃப்ரியாக நின்ற, எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் கந்தசாமி, இதற்கு மேல் தாங்காது என்று விசிலை ஊதிவிட்டார்.

அந்த விசில் சத்தத்தைக் கேட்டதும் அத்தாயி எழுந்து நின்றுவிட்டாள். கரடியூர்ப் பொன்னுவேலின் மகள். பதினெட்டு வயது. பிளஸ் டூ முடித்துவிட்டு எஸ்டேட் நாற்றுப் பண்ணையில் பைகளுக்கு மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் டிரங்குப் பெட்டியில் ஒரு கடிதம் இருந்தது. சேலத்து ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டி.வி. மெக்கானிக் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. வருகிற ஒன்றாம் தேதி சேர வேண்டும். காலை எட்டரைக்கு வகுப்பு. இப்போதிருக்கிற முதல் பஸ்ஸோ ஒன்பது மணிக்குத்தான் கரடியூருக்கே வருகிறது.

பொன்னுவேல் அடிக்கிற அப்பனோ திட்டுகிற அப்பனோ இல்லை. ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார். "நைட் ஹால்ட் நம்மூர்ல வந்துதுன்னா போ கண்ணு. அது செம்மநத்தத்துக்குப் போயிருச்சுன்னா, விடியாத நேரத்துல மூணு மைல் காட்டுவழியில உன்னைய அனுப்ப முடியாது. ஹாஸ்டல் பேச்சும் வேண்டாம். நீ போயிட்டா ஊடே வெறிச்சுனு போயிரும்." அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அத்தாயிக்குச் சந்தேகம். விசில் ஊதியபோது கூட அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். மஞ்சில் முகம் தெரியவில்லை, ஆனால் அவர் விட்ட மூச்சில் ஒரு நிம்மதி கேட்ட மாதிரி இருந்தது. பஸ்ஸே வராமல் போகட்டும் என்று நினைக்கிறாரோ? கோபம் கோபமாக வந்தது அவளுக்கு.

எல்லோரும் மைதானத்தை ஒட்டியிருந்த நாற்றுப் பண்ணைத் தகரக் கொட்டகைக்குள் நுழைந்தார்கள். கொட்டகைக்கு முன்பக்கம் சுவர் கிடையாது. வெளியே வெள்ளை வெளேரென்று மஞ்சு. உள்ளே காச்மூச்சென்று சண்டை.

"காசு சுண்டிரலாமுங்க" என்றது ஒரு குரல்.

"அதெல்லாம் ஆகாது" என்றார் அங்கப்பன். செம்மநத்தத்துப் பெரிய கை. குரலும் பெரிசு, மீசையும் பெரிசு. "அதிர்ஷ்டத்துக்கெல்லாம் பஸ்ஸ உட முடியாது. ஆடித்தான் செயிக்கோணும்."

"மஞ்சுல எங்கீங்க ஆடறது?"

அப்போதுதான் ரைட்டர் கந்தசாமி ஸ்வெட்டர் பைக்குள் கைவிட்டு அதை எடுத்தார். சிங்கப்பூரிலிருந்து அவர் மச்சான் கொண்டுவந்து கொடுத்த வீடியோ கேம். உள்ளங்கையில் அடங்குகிற சாம்பல் நிறப் பெட்டி, நடுவில் பாசிப்பச்சையில் ஒரு சின்னத் திரை, கீழே நாலைந்து பட்டன். முதுகில் ஒரு வில்லையைச் செருகினால் புட்பால். கடுகு கடுகாகப் பதினோரு பேர் ஓடுவார்கள். இரண்டு ஊரிலும் அதற்குப் பந்துப்பெட்டி என்றே பெயர்.

"இதுல ஆடிப் பாக்கலாமுங்க" என்றார் கந்தசாமி. "எதிராளி பெட்டிதான். ஊருக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு ஆட்டம். ஆறு நிமிசம். யாரு எச்சா கோல் போடறாங்களோ அந்த ஊருக்குப் பஸ்ஸு."

அதற்கு எழுந்த கூச்சலில் தகரம் அதிர்ந்தது. வேண்டாம் என்று ஒருத்தராவது சொல்ல வேண்டுமே! மேட்டிலும் பள்ளத்திலும் ஓடி முழங்கால் கழன்று நின்றவர்களுக்கு, உட்கார்ந்தபடியே பந்தாட்டம் என்றதும் அப்படி ஒரு குஷி.

செம்மநத்தத்து ஆள் யார் என்று கேட்கவே வேண்டாம். எஸ்டேட் ஜீப் டிரைவர் முருகேசன். மூட்டை ஏற்றுகிற நேரமெல்லாம் பந்துப்பெட்டியும் கையுமாகத்தான் இருப்பான். கரடியூர்ப் பக்கம் பார்த்து, "உங்கள்ல யாருங்க?" என்று கேட்டார் அங்கப்பன்.

கரடியூர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கந்தசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நம்ம அத்தாயி ஆடுமுங்க. சோத்து நேரத்துல என்ற பெட்டி அது கையிலதான் இருக்கும்" என்றார்.

"பொட்டப்புள்ளயா?" என்று கரடியூரிலேயே யாரோ இழுத்தார்கள்.

அதற்குள் முருகேசன் முந்திக்கொண்டு, "அவ வேண்டாமுங்க! வேற யாராச்சும் ஆம்பளையாப் பாத்துப் போடுங்க" என்று பதறினான்.

அவ்வளவுதான். எதிரி பதறினால் அதைவிடப் பெரிய சிபாரிசு வேறென்ன வேண்டும்? "அத்தாயிதான்! அத்தாயியேதான்!" என்று கரடியூர் மொத்தமும் ஒரே குரலில் கத்தியது. முருகேசன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

எல்லாம் சரிதான் என்று ஆரம்பிக்கப் போனபோது அங்கப்பன் கையைத் தூக்கினார். முக்கியமான கேள்வி ஒன்று பாக்கி இருந்தது.

"ஏனுங்க ரைட்டரே, இந்தப் பெட்டிக்கு எது மேடு?"

கந்தசாமி விழித்தார். "என்னுங்க?"

"பெட்டியக் கையில புடிச்சு இப்பிடிச் சாச்சா பந்து அக்கட்டால உருளுமில்ல? அவனவன் அவனவனுக்குத் தோதாச் சாச்சுக்குவான். அது கள்ளாட்டமுங்க."

"அட சாமீ, இது பேட்டரியில ஓடறதுங்க. உள்ளுக்குள்ள பந்தே இல்லீங்க!"

"பந்து இல்லாம என்னத்தீங்க உதைக்கறாங்க?" என்று மடக்கினார் அங்கப்பன். கரடியூர்க்காரர்களும் தலையாட்டினார்கள். பிறந்ததிலிருந்து சமதளமே பார்க்காத ஆட்கள். மேடு பள்ளம் இல்லாமல் ஒரு பந்தாட்டம் இருக்கும் என்று எவன் சொன்னாலும் நம்புவார்களா?

ஆக, பெட்டியைக் கையில் எடுக்கக்கூடாது, மேஜைமேல் மட்டமாக வைத்துத்தான் ஆட வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. கரடியூர்க் கொத்தனார் சின்னையன் அங்கே தண்ணீர்த்தொட்டி கட்டிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் ரசமட்டத்தை எடுத்து வந்து, கொட்டகையில் எடை போடுகிற மேஜைமேல் வைத்தார். ஒரு காலுக்கு அடியில் அட்டையைச் செருகினார், கண்ணை இடுக்கிப் பார்த்தார், இன்னொரு அட்டையைச் செருகினார். ரசமட்டத்துக் குமிழி நட்டநடுவில் வந்து நின்றதும் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்கள். கந்தசாமி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

முருகேசன் ஆடினான். மட்டமாகக் கிடந்த பெட்டிமேல் கவிழ்ந்து படுக்காத குறையாக, மூக்கு திரையில் உரச ஆடினான். பின்னால் நின்றவர்களுக்கு அவன் பிடரியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் பெட்டி 'கிர்ர்' என்று கத்தும்போதெல்லாம் கந்தசாமி எட்டிப் பார்த்து விரலை நீட்டுவார். ஒன்று. இரண்டு. செம்மநத்தம் குதித்தது. மூன்று. கடைசி நிமிஷத்தில் நாலு! அங்கப்பன் அவனைத் தூக்கித் தோள்மேல் வைத்துக்கொண்டு ஆடினார். அவர் வயசுக்கு அது ஆகாத வேலை.

நாலு. அத்தாயி மனசுக்குள் கணக்குப் போட்டாள். நாற்றுக் கொட்டகையில் அவள் சாதாரணமாக ஐந்து போடுவாள், ஒருநாள் ஆறும் போட்டிருக்கிறாள். இன்றைக்கு ஐந்து போதும். ஐந்து போட்டால் ஐ.டி.ஐ., போடாவிட்டால் நாற்றுப் பை. ஸ்டூலில் உட்கார்ந்து, ஸ்டார்ட் பட்டனை அழுத்தினாள்.

ஐயோ! திரையில் ஆட்களையே காணோம். மட்டமாகக் கிடந்த கண்ணாடியில் முன்னாலிருந்த மஞ்சின் வெளிச்சம் அப்படியே விழுந்து, திரை முழுக்க ஒரே வெள்ளை. கையில் இருந்தால் நிழல் பார்த்துச் சாய்த்துக்கொள்வாள். இங்கே தூக்கவே கூடாதே! இதனால்தான் அந்த முருகேசன் அப்படிக் குப்புற விழுந்து ஆடினானா? அவளும் குனிந்தாள். தலை நிழலில் பாதி மைதானம் தெரிந்தது, பாதி தெரியவில்லை. தெரிந்த பாதியில் ஆடினாள். முதல் பாதியில் ஒரு கோல். அடுத்த பாதியில், எதிராளி எங்கே என்று குத்துமதிப்பாக வைத்துக்கொண்டு உதைத்து உதைத்து, இரண்டு, மூன்று. கரடியூர்க்காரர்கள் அவள் முதுகின்மேலேயே ஏறிவிடுவார்கள் போலக் கத்தினார்கள். நாலு! இன்னும் பதினைந்து விநாடி. பந்து அவள் ஆளிடம். ஓடினாள், வளைந்தாள், பட்டனை அழுத்தினாள்.

கிர்ர்ர்!

"அஞ்சு!" என்று கந்தசாமி விரலை விரித்தார்.

கரடியூர் பொங்கி எழுந்தது. ஆனால் அதையும் மீறி ஒரு குரல் இடித்தது. "தூக்கறான்! மேசையத் தூக்கறான் பாருங்க!"

அங்கப்பன் மேஜைக்கு அடியைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டு நின்றார். அங்கே கொத்தனார் சின்னையன், அத்தாயி பக்கத்து மேஜைக்காலை முழங்காலால் முட்டுக்கொடுத்துத் தூக்கியபடி அசடு வழிந்தார். நம்ம புள்ள பக்கம் கொஞ்சம் மேடானால் பந்து சரசரவென்று எதிர்க் கோலுக்கு இறங்குமே என்று ஊர்ப்பாசத்தில் செய்துவிட்டாராம்.

"ரசமட்டம் வெச்ச கையே இந்த வேலையப் பண்ணுதே!" என்று அங்கப்பன் குதித்தார். "அஞ்சாவது கோலு செல்லாதுங்க. அது பள்ளத்துல உருண்ட கோலு!"

"கொஞ்சூண்டுதானுங்க தூக்குனேன்" என்றார் சின்னையன்.

கந்தசாமி கத்தினார், கெஞ்சினார். மேடாவது பள்ளமாவது, எல்லாம் உள்ளே ஓடுகிற கரண்ட்டு என்றார். கேட்பார் இல்லை. செம்மநத்தம் கேட்காதது கிடக்கட்டும், கரடியூரே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. அதுவரை ஓரமாக நின்ற பொன்னுவேல் முன்னால் வந்து, "தப்புன்னாத் தப்புத்தானுங்க. அந்தக் கோல எடுத்துருங்க" என்றார்.

அத்தாயிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கண் தெரியாமல், மூச்சுப் பிடித்துப் போட்ட கோல். பெற்ற அப்பனே அதைக் களவு என்கிறார். அழுகை வந்த அதே வேகத்தில் ஆத்திரமும் வந்தது.

"செரி, நாலுக்கு நாலு, சமம்" என்றார் அங்கப்பன். "நாளைக்கு ரெண்டு ஊரும் டிப்போவுக்குப் போயி, அந்த ஆபீசரையே..."

"வேண்டாமுங்க பெரியப்பா" என்று எழுந்தாள் அத்தாயி. "பள்ளத்துல உருண்டுதுன்னுதானுங்க சொல்றீங்க? இப்ப நீங்களே எனக்கு எதிரா மேட்ட வெய்யுங்க. எம்புட்டு ஒசரம் வேண்ணாலும் வெய்யுங்க. மேட்டுல ஏத்தி அஞ்சு கோல் போடறேன். போடாட்டிப் பஸ்ஸு உங்களுதுங்க."

"அத்தாயீ! வாய மூடு!" என்று பொன்னுவேல் அதட்டினார். ஆனால் சொன்னது சொன்னதுதான். இரண்டு ஊர் காதிலும் விழுந்துவிட்டது.

அங்கப்பன் மீசையைத் தடவினார். மேட்டில் ஏற்றி ஐந்து கோல்! பிரிவு ரோட்டு மைதானத்தில் அவர் ஆயுசுக்கும் பார்த்ததில்லை. "மூணு செங்கல்லு" என்றார். சின்னையனே பரிகாரமாகச் செங்கல்லைச் சுமந்து வந்து, அத்தாயிக்கு எதிர்ப்பக்கத்து இரண்டு கால்களுக்கு அடியிலும் மும்மூன்றாக அடுக்கினார். மேஜை அத்தாயியைப் பார்த்துச் சரிந்தது. பெட்டியும் சரிந்து அவள் மடிக்கு வரப் பார்த்தது.

"யாராச்சும் கீழ அண்டக் குடுக்கோணும்" என்றார் கந்தசாமி.

"பொன்னுவேலு புடிக்கட்டும்" என்றார் அங்கப்பன். "அவன் நாயமான ஆளு. மத்தவங்க எல்லாம் பத்தடி தள்ளிப் போங்க. மூச்சுக்காத்துக்கூட மேசைமேல படக்கூடாது. ரைட்டரே, உங்களுக்குந்தான்."

பொன்னுவேல் மண் அப்பிய உள்ளங்கையைப் பெட்டிக்குக் கீழே முட்டுக்கொடுத்தார். அத்தாயி உட்கார்ந்து திரையைப் பார்த்தாள்.

அடி ஆத்தீ! மேஜை சரிந்ததில் மஞ்சின் வெள்ளை திரையை விட்டே ஓடிப்போயிருந்தது. இப்போது கண்ணாடியில் விழுந்தது அவளுக்குப் பின்னாலிருந்த கொட்டகை இருட்டு. பதினோரு பேரும் பளிச்சென்று வரிசையாக நிற்கிறார்கள். கோல் வலைக் கட்டங்களை எண்ணலாம் போலிருந்தது. அங்கப்பன் தன் கையாலேயே கண்ணைத் திறந்து விட்டுவிட்டார்! சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டு ஸ்டார்ட்டை அழுத்தினாள்.

முதல் நிமிஷத்திலேயே ஒன்று. பொன்னுவேலின் விரல்கள் துள்ளியது பெட்டி வழியாக அவளுக்குத் தெரிந்தது. "ஏறீருச்சா?" என்று பத்தடி தள்ளி அங்கப்பன் நம்பாமல் கேட்டார். "ஏறீருச்சுங்க" என்றார் பொன்னுவேல். இரண்டு. இன்னும் முதல் பாதி முடியவில்லை. கரடியூர் எண்ண ஆரம்பித்தது. செம்மநத்தத்துச் சிறுசுகள் இரண்டு, எந்தக் கட்சி என்பதையே மறந்து கைதட்டி அடி வாங்கின. மூன்று. பொன்னுவேலின் தலை மெல்ல மெல்லத் திரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அவர் பந்துப்பெட்டிக்குள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"எடது பக்கம் ஒருத்தன் சும்மா நிக்கறாம் பாரு கண்ணு" என்று கிசுகிசுத்தார்.

"பேசப்படாது!" என்று அங்கப்பன் அதட்டினார்.

பந்து இடது பக்கம் போயிற்று. நாலு!

அப்போதுதான் பெட்டியின் ஓரத்திலிருந்த சிவப்புப் பொட்டு மங்க ஆரம்பித்தது. தொடர்ந்து மூன்று ஆட்டம், பென்சில் செல் எவ்வளவுதான் தாங்கும்? திரை வெளுத்தது. ஆட்கள் தண்ணீர்விட்ட மோராக நீர்த்துக்கொண்டே போனார்கள். இன்னும் முப்பது விநாடி. "ஐயோ, அணையுதுப்பா, அணையுது" என்று முனகிக்கொண்டே ஓடினாள் அத்தாயி. ஒருத்தனைத் தாண்டினாள். இன்னொருத்தன் வந்தான், அவனையும் தாண்டினாள். கோல்கீப்பர் வெறும் கோடாகத் தெரிந்தான். அந்தக் கோட்டுக்கு வலதுபக்கமாக, இருக்கிற பலத்தையெல்லாம் கட்டைவிரலில் வைத்து அழுத்தினாள். பந்து போனது, வலை ஆடியது.

பொட்டென்று திரை அணைந்தது. கிர்ர் சத்தம்கூட வரவில்லை.

"போச்சா? போகலையா?" என்று பத்தடி தள்ளி நின்ற கந்தசாமி பரிதவித்தார். செத்த பெட்டியில் யார் என்ன பார்க்க முடியும்? அத்தாயி வாயைத் திறந்தாள். அங்கப்பன் கையைக் காட்டித் தடுத்தார். "நீ ஆடுனவ, நீ சொல்லக்கூடாது. பொன்னுவேலு, நீ பாத்தீல்ல? நீ சொன்னா நாங்க ஒத்துக்கறோம். அஞ்சாவது ஏறுச்சா, இல்லையா?"

அத்தாயி அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பஸ் செம்மநத்தத்துக்குப் போய்விடும். மகள் வீட்டோடு இருப்பாள். ஊரில் ஒருத்தரும் அவரைச் சந்தேகப்பட மாட்டார்கள். அவருக்கு அது தெரியும். அவளுக்கும் தெரியும். சொல்லிவிடாதீங்கப்பா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"ஏறீருச்சுங்க" என்றார் பொன்னுவேல். குரல் உடைந்தது. கனைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக இன்னொரு முறை சொன்னார். "என்ற ரெண்டு கண்ணால பாத்தேன். வலை ஆடுச்சுங்க. அஞ்சும் மேட்டுல ஏறித்தான் போச்சு."

கரடியூர் கத்திய கத்தலில் தகரக் கூரை பிய்த்துக்கொள்ளாதது ஆச்சரியம். சின்னையன் ரசமட்டத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஆடினார். அங்கப்பன் குனிந்து அந்தச் செங்கல் அடுக்கை இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தார். பிறகு முருகேசன் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, "பஸ்ஸு கரடியூர்லயே நிக்கட்டும்டா" என்றார்.

பொன்னுவேல் இன்னும் பெட்டியைப் பிடித்தபடியே நின்றார். இனிமேல் பிடிக்க வேண்டியதில்லை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அத்தாயி அவர் கைமேல் கையை வைத்து, "ஏனுங்கப்பா, நான் போகட்டுங்களா?" என்று கேட்டாள்.

அவர் மூக்கை உறிஞ்சினார்.

"இம்புட்டு மேட்டுல ஏத்துனவளுக்குச் சேலம் எறங்கறதா கண்ணு பெருசு?"